சாமிகள், வீரர்கள், நாம்: மொட்டை மாடிக் கதைகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செல்லூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஞாயிறு சாயங்காலம் கதை சொல்கிறேன். கிரேக்கம், பாபிலோன், எகிப்து, ஐஸ்லாந்து, நம்ம அழகர்மலை எல்லாம் கலந்துதான் வரும். தெருப் பிள்ளைகளுக்காக ஆரம்பித்தது. இப்போது பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிறவர்கள்தான் இடத்தை விட்டு நகர மாட்டேன் என்கிறார்கள். கேட்ட கேள்வியையே வாராவாரம் கேட்கிறார்கள் என்பதால் பதில்களை எழுதி வைத்துவிட்டேன்.

நீங்கள் புராணம் முறையாகப் படித்தவரா?

இல்லை. கீழமாசி வீதியில் ஒரு மளிகை மண்டியில் 31 வருஷம் கணக்கு எழுதியவன். மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல் ஒரு மணி நேரம் மண்டி தூங்கும். மல்லி மூட்டையில் சாய்ந்துகொண்டு அந்த நேரத்தில் படித்ததுதான் எல்லாம். கிரேக்க மொழி தெரியாது, மொழிபெயர்ப்பில்தான் படித்தேன். கதையில் யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்று பார்க்கிற புத்தி மட்டும் தொழிலால் வந்தது. சில பதில்களில் அந்த வாடை அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுச் சாமியையும் நம்ம சாமியையும் ஒரே மூச்சில் பேசலாமா? தப்பில்லையா?

இதை முதலில் செய்தது நான் இல்லை. கி.மு. 300 வாக்கில் சந்திரகுப்த மௌரியரின் அவைக்கு வந்த கிரேக்கத் தூதர் மெகஸ்தனிஸ் அப்போதே ஆரம்பித்துவிட்டார். கிரேக்க வீரன் ஹெராக்ளிஸுக்குப் பண்டேயா என்று ஒரு மகள், அவளுக்கு 500 யானைகளும் பெரும் படையும் கொடுத்துத் தெற்கே ஒரு நாட்டை ஆள வைத்தான் என்று அவர் எழுதியதாகப் பின்னால் வந்த கிரேக்கர்கள் குறித்து வைத்திருக்கிறார்கள். பாண்டிய நாட்டைப் பற்றி, அதை ஆண்ட ஒரு பெண்ணைப் பற்றி, காதில் விழுந்ததை அவர் தன் ஊர்ப் பெயர்களில் எழுதிக்கொண்டார் போலிருக்கிறது. அவள்தான் மீனாட்சி என்று அடித்துச் சொல்கிறவர்கள் உண்டு. நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். அந்தக் கதையின் மிச்சப் பகுதி நம் வாயில் வராது, அதுவும் ஒரு காரணம்.

ஒப்பிட்டால் நம்ம கதையின் தனித்தன்மை இன்னும் நன்றாகத் தெரியும் என்பது என் அனுபவம். கிரேக்கச் சாமி அத்தீனா அப்பன் தலையிலிருந்து கவசத்தோடு பிறந்தவள், கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நம்ம தடாதகை, அதாவது மீனாட்சி, மூன்று முலையோடு யாகத் தீயில் பிறந்தாள், திக்விஜயம் போனாள், கைலாயத்தில் மாப்பிள்ளையைப் பார்த்ததும் மூன்றாவது முலை மறைந்தது. ஆனால் அதற்கப்புறம் அவள் புருஷன் வீட்டுக்குப் போகவில்லை! சிவன்தான் சுந்தரபாண்டியனாக மதுரைக்கு வந்து வீட்டோடு மாப்பிள்ளை ஆனார். சித்திரையில் அவளுக்குப் பட்டாபிஷேகம், ஆவணி மூலத்தில் அவருக்கு. நடுவில் நாலு மாதம் செங்கோல் அவள் கையில். சண்டைக்கும் கல்யாணத்துக்கும் நடுவே ஒன்றைத் தேர்ந்தெடு என்று அத்தீனாவுக்கு விதித்த மாதிரி இவளுக்கு யாரும் விதிக்கவில்லை.

சாமிகளே ஏன் இப்படி நடந்துகொள்கிறார்கள்? பொய், கோபம், பிறன் மனை...

இந்தக் கேள்வி வராத ஞாயிற்றுக்கிழமை இல்லை. இந்திரனும் அகலிகையும் வந்தால் கேட்பார்கள். கிரேக்கத்துப் பெரிய சாமி ஜீயஸ் வந்தால் கேட்கவே வேண்டாம், அவருடைய கதைகளைப் பிள்ளைகளுக்காகக் கத்தரித்தால் தாடியும் இடியும்தான் மிஞ்சும்.

எனக்கு இதில் பிடித்தது பாபிலோன் கதை. சாமிகளுக்கு வாய்க்கால் வெட்டி அலுத்துவிட்டது. வேலைக்கு ஆள் வேண்டுமென்று மண்ணைப் பிசைந்து மனிதனைச் செய்தார்கள். 1200 வருஷத்தில் ஜனம் பெருகி ஒரே இரைச்சல். பெரிய சாமி என்லிலுக்குத் தூக்கம் வரவில்லை. நோயை அனுப்பினார், பஞ்சத்தை அனுப்பினார், கடைசியில் வெள்ளத்தையே அனுப்பிவிட்டார். காரணம் பாவம் இல்லை, சத்தம்! ஆடி மாசம் எங்கள் தெருவில் நாலு முனையிலும் குழாய் ரேடியோ கட்டியிருக்கும்போது எனக்கு என்லிலின் நியாயம் ஓரளவு புரியத்தான் செய்கிறது.

அதற்கப்புறம் நடந்ததுதான் விஷயம். ஜனம் செத்ததும் படையல் நின்றுபோனது. சாமிகள் பட்டினி. தப்பிப் பிழைத்த ஒரே ஆள் கரையேறி எதையோ சுட்டுப் படைத்ததும், வாசனை பிடித்து எல்லோரும் ஈ மாதிரி மொய்த்தார்கள் என்று அந்தக் களிமண் பலகையில் எழுதியிருக்கிறது. எழுதினவனுக்குப் பயம் இல்லை, பாருங்கள். சாமி பெரியவர், ஆனால் நம்மிடமும் அவருக்கு ஒரு பற்று இருக்கிறது என்று துணிந்து குறித்து வைத்திருக்கிறான். பிட்டுக்கு மண் சுமக்க வந்து, வேலை செய்யாமல் வைகைக் கரையில் படுத்துத் தூங்கி, பாண்டியனிடம் பிரம்படி வாங்கிய சொக்கரும் அதே மாதிரிதான். அந்த அடி பாண்டியன் உட்பட எல்லார் முதுகிலும் விழுந்தது. தப்பே செய்யாத சாமியைக் கும்பிடலாம், அவரிடம் கணக்குக் கேட்க முடியாது. நம் ஆட்களுக்குக் கேட்டாக வேண்டும். மழை பெய்யவில்லையென்றால் எங்கள் அப்பத்தா சாமியைத் திட்டுகிற திட்டை இங்கே எழுத முடியாது.

வீரன் என்றால் ஜெயித்தவன்தானே?

சினிமாவில் அப்படித்தான். பழைய கதைகளில் பெரும்பாலும் இல்லை.

ஆண்டிபட்டிப் பக்கம் புலிமான்கோம்பையில் 2006-ல் சில நடுகற்கள் கிடைத்தன. ஒன்றில் பழைய தமிழ் எழுத்தில் ‘கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்’ என்று இருக்கிறது. கூடலூர் ஆநிரை கவர்ந்த சண்டையில் செத்த தீயன் அந்தவனுக்கு எடுத்த கல் என்று படிக்கிறார்கள். கி.மு. காலத்தது என்கிறார்கள். ஒரு ஆள் பெயர், ஒரு ஊர் பெயர், மாட்டுச் சண்டை. மாடு வந்து சேர்ந்ததா, யார் பக்கம் வெற்றி, அந்தப் பேச்சே கல்லில் கிடையாது. செத்தான், கல் நட்டோம், அவ்வளவுதான்.

கிரேக்கத்திலும் ‘வீரன்’ என்ற சொல்லுக்கு ஒரு பொருள், செத்த பிறகு கல்லறையில் படையல் வாங்குகிறவன். நல்லவனாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. கிளியோமெடிஸ் என்று ஒரு குத்துச்சண்டைக்காரன். ஒலிம்பியாவில் எதிராளியைக் கொன்றுவிட்டான், பரிசைப் பிடுங்கிவிட்டார்கள். புத்தி பேதலித்து ஊர் திரும்பியவன் ஒரு பள்ளிக்கூடத்துத் தூணைப் பிடுங்க, கூரை விழுந்து 60 பிள்ளைகள் செத்தார்கள். ஊரே கல்லெடுத்துத் துரத்த, அத்தீனா கோயிலில் ஒரு பெட்டிக்குள் புகுந்து மூடிக்கொண்டான். பெட்டியை உடைத்துப் பார்த்தால் ஆள் இல்லை. டெல்ஃபியில் குறி கேட்டால், அவன்தான் கடைசி வீரன், இனி அவனுக்குப் பலி கொடுங்கள் என்று வந்தது.

இதைச் சொன்னால் கல்லூரிப் பையன்களுக்குக் கோபம் வரும். கொலைகாரனுக்கா பலி? எங்கள் தெருக் கிழவிகளுக்கு ஒரு விளக்கமும் தேவைப்படாது. ‘ஆமா, ஆத்திரத்தோட போன உசுரு, சும்மா விடுமா?’ என்பார்கள். கொடுத்துத் தணிக்கிறார்கள், அவ்வளவுதான் அவர்களுக்கு.

மீனாட்சி கோயில் கிழக்குக் கோபுரத்தருகே மதுரை வீரன் நிற்கிறார். மாறு கால் மாறு கை வாங்கச் சொன்னவர் திருமலை நாயக்கர் என்பது கதை. வெட்டச் சொன்ன ராஜாவுக்குத் தூண்கள் வைத்த மகால் இருக்கிறது, டிக்கெட் வாங்கிப் பார்த்துவிட்டு வரலாம். வெட்டுப்பட்டவருக்குத்தான் சூடம். நம் பக்கத்தில் சாமியான மனிதர்களை எண்ணிப் பாருங்கள், அநியாயமாகச் செத்தவர்கள் எத்தனை பேர் என்று. ஊர் செய்த தப்பை ஊரே ஒப்புக்கொள்ள வாய் வராதபோது கல்லை நட்டுப் பொங்கல் வைத்துவிடுகிறது. இதைப் பாசம் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும், எனக்கு நிலுவைப் பாக்கிக்குக் கட்டுகிற வட்டி மாதிரித்தான் தெரிகிறது.

அக்கிலீஸின் குதிகால், பண்டோராவின் பெட்டி?

இரண்டும் பின்னால் வந்த சேர்க்கை. ஹோமரின் இலியட்டில், வீரன் அக்கிலீஸுக்குக் குதிகாலில் அடிபட்டால்தான் சாவு என்கிற சமாசாரமே இல்லை. குதிகாலைப் பிடித்துக் குழந்தையை ஆற்றில் முக்கியெடுத்த கதை கி.பி. முதல் நூற்றாண்டு ரோமக் கவிஞரிடம்தான் வருகிறது. உலகத்துத் துன்பத்தையெல்லாம் வெளியே விட்ட பண்டோரா திறந்தது பெரிய மண்சாடி. 16-ஆம் நூற்றாண்டில் எராஸ்மஸ் லத்தீனில் எழுதும்போது அது பெட்டி ஆகிவிட்டது. மண்டியில் புளி போட்டு வைக்கிற சாடியை நினைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணகி இந்த ஊரையே எரித்தவள். மதுரைக்காரர்கள் எப்படி அவளைக் கும்பிடுகிறார்கள்?

சிம்மக்கல் பக்கம் செல்லத்தம்மன் கோயிலில் அவளுக்கும் சிலை இருக்கிறது. எரித்தவள் மேல் கோபப்படுகிற ஒரு மதுரைக்காரரை நான் இன்னும் பார்த்ததில்லை. நாம் செய்தது தப்பு என்பதில் ஊருக்கே சந்தேகமில்லை. அந்த ராஜாவுக்கும் இல்லை. ‘யானோ அரசன், யானே கள்வன்’ என்று சொல்லி அங்கேயே விழுந்து செத்தார். விசாரிக்காமல் தீர்ப்புச் சொன்னதற்குக் கமிஷன் போடவில்லை, தட்டானைக் காட்டித் தப்பிக்கவில்லை.

எனக்கு உறுத்துவது அடுத்து வருகிற இடம். எரிகிற ஊரில் மதுராபதித் தெய்வம் கண்ணகியிடம் பேச வருகிறது. எதிரே வர அதற்குத் துணிவில்லை, பின்னால் வந்து நிற்கிறது. அந்த ஒரு இடத்துக்காக இளங்கோவுக்கு ஆயிரம் கும்பிடு. ஆனால் வந்து சொல்வது என்ன? போன பிறவியில் கோவலன் பரதன் என்ற பெயரில் இருந்தான், சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொன்றான், அவன் மனைவி நீலியின் சாபம் இப்போது பலித்தது என்கிறது. எனக்கு இது முன்தேதி போட்டு எழுதின செலவுச் சீட்டு மாதிரி இருக்கிறது. கணக்கு நேராகிவிடும், ஆனால் தணிக்கைக்கு வந்தவன் சிரிப்பான். கண்ணகியும் அதைக் கேட்டு மனம் ஆறி வீட்டுக்குப் போய்விடவில்லை. வளையலை உடைத்துவிட்டு, கிழக்கு வாசலில் புருஷனோடு வந்தேன், மேற்கு வாசலில் தனியாகப் போகிறேன் என்று நடந்தாள்.

உங்களுக்கு ரொம்பப் பிடித்த கதை எது?

ஒன்று கேட்டால் இரண்டு சொல்வேன். இரண்டிலும் ஒரு கை போகும்.

முதலாவது, அதே மதுராபதி ‘பாண்டியர்கள் அப்படியொன்றும் அநியாயக்காரர்கள் இல்லை’ என்று காட்டக் கண்ணகியிடம் எடுத்துச் சொல்வது. கீரந்தை என்பவன் வெளியூர் போகும்போது, ராஜாவின் காவல் இருக்கிறது, பயப்படாதே என்று மனைவியிடம் சொல்லிப் போகிறான். நகர்சோதனை வந்த பாண்டியன் காதில் அது விழுகிறது. அன்றிலிருந்து அந்த வீட்டுக்கு ராத்திரிக் காவல் அவனே. ஒருநாள் உள்ளே ஆண் குரல். கதவைத் தட்டிவிட்டான். உள்ளே இருந்தது ஊரிலிருந்து திரும்பிய கீரந்தை! அந்தப் பெண் மேல் பழி வந்துவிடக் கூடாதே என்று பாண்டியன் அந்தத் தெருவில் எல்லாக் கதவையும் தட்டிக்கொண்டே ஓடினான். மறுநாள் தெருவே அவைக்கு வந்து புகார். என்ன தண்டனை என்று ராஜா கேட்க, தட்டின கையை வெட்டணும் என்றார்கள். வெட்டிக்கொண்டான். அப்புறம் பொன்னில் கை செய்து வைத்துக்கொண்டான், பொற்கைப் பாண்டியன் ஆனான்.

இரண்டாவது வடக்கே, ஐஸ்லாந்துக்காரர்கள் எழுதி வைத்தது. ஃபென்ரிர் என்ற ஓநாய் வளர்ந்துகொண்டே போகிறது. சாமிகளுக்குப் பயம். இரண்டு சங்கிலி போட்டுப் பார்த்தார்கள், அறுத்துவிட்டது. மூன்றாவது பட்டு நாடா மாதிரி மெல்லியது. பூனை நடக்கிற சத்தம், பெண்ணின் தாடி, மீனின் மூச்சு, பறவையின் எச்சில் என்று இல்லாததையெல்லாம் சேர்த்துத் திரித்தது. ஓநாய்க்குச் சந்தேகம். ‘அவிழ்த்துவிடுவீர்கள் என்பதற்கு ஈடாக ஒருத்தர் என் வாயில் கை வையுங்கள்’ என்றது. சாமிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவிழ்க்கப் போவதில்லை என்று எல்லாருக்கும் தெரியும். டீர் என்ற சாமி மட்டும் முன்னால் வந்து வலது கையை வைத்தார். நாடா இறுகியது. எல்லோரும் சிரித்தார்கள், டீரைத் தவிர. அவருக்குக் கை போய்விட்டது.

பாண்டியன் கை ஒரு பெண்ணின் பெயரைக் காப்பாற்றப் போனது. டீரின் கை ஒரு பொய்க்கு ஜாமீனாகப் போனது. இரண்டு பேருமே வெளியே நின்று சிரித்திருக்கலாம். எனக்கு ஏன் இவர்களைப் பிடிக்கிறது என்பதற்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. எகிப்துக் கேள்வியில் வரும்.

சாவை ஜெயித்தவர்கள் யாராவது இருக்கிறார்களா?

மார்க்கண்டேயன் ஜெயித்தான். சாவித்திரி வாதாடியே ஜெயித்தாள். யமனை வாய்ப்பேச்சில் மடக்கினது, எனக்குத் தெரிந்து, நம்ம நாட்டுப் பெண் ஒருத்திதான். கிரேக்கத்து ஆர்ஃபியஸ் செத்த பெண்டாட்டியை மீட்கப் போய்ப் பாட்டால் கல்லையும் கரைத்தான், கடைசிப் படியில் திரும்பிப் பார்த்து அவளை விட்டுவிட்டான். டித்தோனஸுக்குச் சாகாவரம் கிடைத்தது. வாங்கிக் கொடுத்த காதலி இளமையைச் சேர்த்துக் கேட்க மறந்துவிட்டாள், அவன் கிழடாகிச் சுருங்கிச் சில்வண்டு ஆனான்.

பாபிலோன் பக்கத்துக் கில்காமேஷ் தோற்றவன், அவன் கதைதான் எனக்கு நெருக்கம். மூன்றில் இரண்டு பங்கு சாமி, ஊருக்கு ராஜா. தோழன் என்கிடு செத்ததும் உடம்பைக் கொடுக்க மாட்டேன் என்று ஆறு பகல் ஏழு இரவு உட்கார்ந்திருந்தான், மூக்கிலிருந்து ஒரு புழு விழும்வரை. அதை முதல் தடவை மண்டியில் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டேன். எங்கள் தாத்தா இறந்த அன்று அப்பத்தா உடம்பை எடுக்க விடவில்லை. அழவும் இல்லை, காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாடை கட்டியாகிவிட்டது, கொட்டுக்காரர்கள் பீடி குடித்து முடித்துவிட்டார்கள், யார் சொல்லியும் கேட்கவில்லை. அப்போது ஒரு கட்டெறும்பு தாத்தாவின் கன்னத்தில் ஏறிக் கண்ணோரம் போனது. அப்பத்தா அதை ஊதினாள். மறுபடி வந்தது. மறுபடி ஊதினாள். மூன்றாவது தடவை முந்தானையால் தட்டிவிட்டு, ‘சரி, தூக்குங்கப்பா’ என்றாள்.

கில்காமேஷ் அதற்கப்புறம் சாகாத மனிதனைத் தேடிப் போகிறான். ‘சாவை அப்புறம் பார்க்கலாம், முதலில் ஏழு ராத்திரி தூங்காமல் இரு’ என்கிறார் அவர். உட்கார்ந்ததும் தூங்கிவிட்டான். எழுந்ததும் ‘கண்ணசந்தேன்’ என்று புளுகப் போகிறானே என்று, நாளுக்கு ஒரு ரொட்டி சுட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டே வந்தார் வீட்டம்மா. முதல் ரொட்டி காய்ந்துவிட்டது, ஏழாவது இன்னும் அடுப்பில். இதைவிட நல்ல சிட்டையை நான் எந்தக் கடையிலும் பார்த்ததில்லை.

எகிப்தில் செத்தவன் நெஞ்சை நிறுப்பார்களாமே?

ஆமாம். ஒரு தட்டில் நெஞ்சு, மறு தட்டில் மாத் தேவதையின் இறகு. கனத்தால் பக்கத்தில் முதலை வாயோடு காத்திருக்கிற அம்மித் விழுங்கிவிடும். நமக்குச் சித்திரகுப்தன் ஏடு, அவர்களுக்குத் தராசு. ஆனால் எகிப்தியர்கள் விவரமானவர்கள். பிணத்தின் நெஞ்சருகே கல்லில் செய்த ஒரு வண்டை வைத்துக் கட்டுவார்கள். அதன் அடியில் ஒரு மந்திரம். நெஞ்சே, எனக்கு எதிராகச் சாட்சி சொல்லி எழுந்துவிடாதே என்று அதன் சாரம். சாமிக்குப் பயப்படாதவனும் தன் நெஞ்சை வாயடைக்கப் பார்க்கிறான்.

இனி சொந்தக் கதை. 1994. மண்டியில் மாதக் கணக்கில் 4500 ரூபாய் இடித்தது. வசூல் கொண்டுவந்தவர் ஒரு லோடுமேன், என் அப்பா வயது. நான்தான் அவர் பெயரைச் சொன்னேன். முதலாளி கூப்பிட்டு விசாரித்தார். அவர் சத்தம் போடவில்லை. ‘அழகர்கோயில் போவோம் தம்பி. பதினெட்டாம்படிக் கருப்பன் கதவு முன்னால சூடம் அணைக்கிறேன். நீயும் அணை’ என்றார். வெள்ளிக்கிழமை போவதாகப் பேச்சு. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், அங்கே சிலை கிடையாது, சாத்தின கதவுதான் சாமி. பெரிய பெரிய வழக்கெல்லாம் அந்தக் கதவு முன்னால் முடிந்திருக்கிறது.

வியாழக்கிழமை ராத்திரி தூக்கம் வரவில்லை. 4500-ஐ ஒன்பதால் வகுத்தால் சரியாகப் போகிறது. வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் எங்கோ இலக்கம் இடம் மாறியிருக்கலாம் என்பது கணக்கெழுதுகிறவனுக்கு முதல் வருஷமே சொல்லிக் கொடுக்கிற பாடம். எனக்கு நாலு நாள் அது உறைக்கவில்லை. விடியுமுன் போய்ச் சிட்டையைப் புரட்டினேன். வரவு 8300 என்பதைப் பேரேட்டில் 3800 என்று ஏற்றியிருந்தேன், என் கையெழுத்தில்.

முதலாளியிடம் ‘கணக்கு நேராகிவிட்டது’ என்றேன். யாருடைய தப்பு என்று சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. லோடுமேனிடமும் அதையேதான் சொன்னேன். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். ‘சரி தம்பி’ என்று சொல்லிவிட்டுத் துண்டைத் தலையில் சுருட்டி வைத்துக்கொண்டு மூட்டைக்குக் குனிந்தார். பொற்கைப் பாண்டியன் கதையை நான் சொல்லும்போது குரல் ஏன் மாறுகிறது என்று கேட்கிற பிள்ளைகளுக்கு இதுவரை வேறு காரணம் சொல்லி வந்தேன்.

தங்கச்சி கல்யாணத்துக்கு அழகர் தாமதமாக வந்த கதை நிஜமா?

அழகர்கோயில் புராணத்தில் அவர் வைகைக்கு வருவது மண்டூக மகரிஷிக்குச் சாபம் தீர்க்க. கல்யாணமும் அழகர் வருகையும் ஒரே விழாவாகச் சேர்ந்தது திருமலை நாயக்கர் காலத்தில், 17-ஆம் நூற்றாண்டில். இரண்டையும் பக்கத்தில் வைத்ததும் ஜனம் தானே ஒரு கதை கட்டிவிட்டது. சீர் கொண்டுவந்த அண்ணன், கல்யாணம் முடிந்துவிட்டது என்று தெரிந்ததும் ஆற்றிலேயே திரும்பி, ஊருக்குள் வராமல் வண்டியூருக்குப் போய்விட்டார். முறைத்துக்கொண்டு போகிற தாய்மாமன் இல்லாத கல்யாண வீடு மதுரையில் ஏது? நிஜமா பொய்யா என்று நான் பார்க்கவில்லை, நம் வீட்டு ஆள் மாதிரி இருக்கிறார்.

பிள்ளைகளுக்கு எந்த வயதில் சொல்லலாம்?

கேட்கிற வயதில். பயப்படுகிற இடத்தில் நிறுத்திவிட்டு முறுக்கு கொடுங்கள்.

இவ்வளவு கேள்வி கேட்கிறவர், சாமி கும்பிடுவீர்களா?

கும்பிடுவேன். மாசிப் பச்சைக்கு உசிலம்பட்டிப் பக்கம் குலசாமிக்கு வருஷம் தவறாமல் போகிறேன். அங்கே ஒரு புளியமரத்தடியில், முக்கால் பங்கு மண்ணுக்குள் போன ஒரு கல் இருக்கிறது. பெயர் தாத்தா என்பதோடு சரி. ஆடு திருட வந்தவர்களைத் துரத்திப்போய் வெட்டுப்பட்டுச் செத்தவர் என்று எங்கள் வகையறா சொல்லும். பெரிய வீட்டுப் பங்காளிகள் மெதுவாகச் சிரித்துக்கொண்டே, ‘அட, திருட வந்ததே அவருதாம்ப்பா’ என்பார்கள். வருஷா வருஷம் பொங்கப் பானை கொதிக்கிற நேரத்தில் இந்த வழக்கு ஆரம்பிக்கும். பூசாரி இரண்டு பக்கமும் தலையாட்டுவார். கெடா விழுந்ததும் பேச்சு மாறி, தலைக்கறி எந்த வீட்டுக்கு என்பதில் போய் நிற்கும்.